பணங்கட்டுமுன் பெற்றோர் அறிய வேண்டியவை

2014ஆம் ஆண்டு மேத் திங்கள் 6ஆம் நாள், கருநாடக அரசுக்கும் அங்குள்ள ஆங்கிலவழிப் பள்ளி நடத்துவோர்க்கும் இடையே நடந்த வழக்கில், உச்ச முறைமன்றத்தின் ஐவர் ஆயம் தீர்ப்பு வழங்கிற்று. தொடக்கப்பள்ளிப் பிள்ளை தாய்மொழியில்தான் பயில வேண்டும் என அரசு கட்டாயப்படுத்த இயலாது. பயிற்றுமொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கும், பிள்ளையின் சார்பில் பெற்றோர்க்குமே உரியது என்பது அத்தீர்ப்பின் பிழிவு. தமிழகத்தில் இப்போர் அதற்குப் பல்லாண்டு முன்னரே நடந்து முடிந்திருந்தது. 1999ஆம் ஆண்டில் தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். அதன் பயனாக மோகன் குழு அமைந்தது. அவ்வாண்டு நவம்பரில் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கும் அரசாணை பிறந்தது. அடுத்த ஆண்டே சென்னை உயர் முறைமன்றத்தில் அவ்வாணை வீழ்ந்தது.

ஆக, பயிற்றுமொழியை முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டம் பெற்றோர் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டது. உரிமை என்று பெயர் சூட்டப்பெற்ற இச்சுமையைத் தமிழகப் பெற்றோர் எவ்வாறு சுமக்கின்றனர்? கோடை விடுமுறையில் எந்த ஊரின் கடைத்தெருவிலும் சற்றே நின்று பார்த்தால் போதும். கழுத்தில் 'டை' கட்டிய பிள்ளை பலகையிலிருந்து சிரிக்கிறது. மஞ்சள் ஊர்தி, குளிரூட்டிய வகுப்பறை, 'இண்டர்நேசனல்' என்றோ 'குளோபல்' என்றோ முடியும் பெயர்! கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொத்தையைத் தள்ளி வாங்கும் தாய், பிள்ளையைச் சேர்க்கும்போது மட்டும் ஒரு வினாவும் வினவாமல் பல்லாயிரம் உரூபாவை எண்ணி வைக்கிறாள். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கும் தந்தை, வகுப்பிலே நிற்கும் ஆசிரியர் யார், அவர் என்ன பயின்றவர் என்று கேட்பதைத் தன் மதிப்புக்குக் குறைவாகக் கருதுகிறான். பணத்தை வாங்குவோர்க்கு இதனினும் வாய்ப்பான வணிகம் வேறுண்டோ?

தனியார் பள்ளி என்பது ஒரே வகைப் பொருள் அன்று. அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள் உண்டு. அங்கே உதவி பெறும் பணியிடங்களின் ஆசிரியர்க்கு அரசே சம்பளம் தருகிறது. சிற்றூர்களிலும் சிறு நகர்களிலும் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்தவை அவை. அவற்றையும் 'தனியார்' என்று ஒரே கூடையிற் போடுவது நன்றி மறத்தலாகும். இங்கே கருதப்படுவன பெற்றோர் கட்டும் பணத்தாலேயே நடக்கும் பள்ளிகள்: ஐந்தாம் வகுப்போடு நிற்கும் மழலையர் தொடக்கப் பள்ளிகள், 'மெட்ரிகுலேசன்' பள்ளிகள், நடுவண் கல்வி வாரியத்தோடு இணைந்தவை ஆகியன.

'மெட்ரிகுலேசன்' என்னும் சொல்லின் கதை சுவையானது. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் மிகச் சிலவாக இருந்த அப்பள்ளிகளை 1970களின் பிற்பகுதியில் மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துத் தனி வாரியம் அமைத்தது. அதன்பின் அவை மழைக்காளான்போல் முளைத்தன. பல்கலைக்கழகத் தொடர்பு அற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்தும் பெயர் மட்டும் பழைய பெட்டியின்மேல் ஒட்டிய தாள்போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2010இல் இயற்றப்பெற்ற சமச்சீர்க் கல்விச் சட்டமும், 2011 ஆகத்து 9ஆம் நாள் உச்ச முறைமன்றம் அளித்த தீர்ப்பும் மாநில வாரியப் பள்ளிகள் அனைத்திற்கும் பொதுப் பாடத்திட்டத்தை உறுதி செய்துவிட்டன. அஃதாவது, தெருமுனை அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தமிழில் பயிலும் அதே அறிவியற் பாடந்தான், பல்லாயிரம் கட்டிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஓதப்படுகிறது. பெற்றோர் விலை கொடுத்து வாங்குவது அப்பாடத்தின் மொழிபெயர்ப்பையே! அதன்மேல் வேறு பதிப்பகத்தாரின் வண்ண நூல்களையும் சில பள்ளிகள் தலையிற் கட்டுகின்றன, அது புறவணிகம்.

பலகையில் 'சி.பி.எசு.இ. முறை' என்று எழுதியிருப்பின் இன்னும் விழிப்பு வேண்டும். வாரியத்தோடு இணைவு பெற்றிருப்பது வேறு. அம்முறையில் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்வது வேறு. இணைவு எண்ணைக் கேட்டால் நிறம் வெளுத்துவிடும். அவ்வாறே, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மட்டும் ஏற்பிசைவு பெற்ற பள்ளி ஆறாம் வகுப்பையும் திறந்து வைத்திருந்தால், பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியின் ஏட்டில் எழுதப்படுகிறது என்று கேட்டல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஏற்பிசைவின்றிப் பள்ளி நடத்துவோர்க்கு ஓரிலக்கம் உரூபா வரை தண்டமும், மேலும் நடத்துவாராயின் நாளொன்றுக்குப் பதினாயிரம் வரையிலும் விதிக்க இடமுண்டு. ஏற்பிசைவு ஆணையில் எவ்வகுப்பு வரை, எந்நாள் வரை என்னும் இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். அத்தாளைக் காட்டத் தயங்கும் தாளாளரிடம் பிள்ளையை ஒப்படைப்பது எங்ஙனம்?

இவையெல்லாம் மேற்றோல். உள்ளே இருப்பது மொழி.

ஆறு அகவைப் பிள்ளை எண்ணக் கற்பதைப் பார்க்கலாம். பத்தும் ஒன்றும் பதினொன்று, பத்தும் மூன்றும் பதின்மூன்று, இரு பத்து இருபது, முப்பத்து முப்பது. எண்ணுப் பெயரே கூட்டலையும் பெருக்கலையும் கற்றுத் தந்துவிடுகிறது. (தொண்ணூறு மட்டும் சற்றே திணற வைக்கும், அது பிறந்த வகைக்குத் தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது.) அதே பிள்ளைக்கு 'இலெவன்', 'டுவெல்வ்' என்று சொல்லித் தரும்போது அவ்வொலியில் பத்தும் தெரிவதில்லை, ஒன்றும் தெரிவதில்லை, இரண்டும் தெரிவதில்லை. ஆங்கிலப் பிள்ளைக்கும் அது சுமைதான். ஆயினும் அப்பிள்ளை தன் வீட்டு மொழியில் அச்சுமையைத் தூக்குகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கூலியில்லாச் சுமை?

மேல் வகுப்புக்குப் போனால் சிக்கல் முற்றுகிறது. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைக் கேட்டவுடனேயே, இலை ஒளியைக் கொண்டு எதனையோ சேர்க்கிறது என்னும் அளவிற்கேனும் பிள்ளைக்குப் பிடி கிடைத்துவிடும். 'போட்டோசிந்தசிசு' என்பதை அதே பிள்ளை பத்து முறை எழுதி எழுத்துப்பிழை திருத்திக்கொள்கிறது. இலை அதன் நினைவுக்கே வருவதில்லை. இணைகரம், நுண்ணோக்கி, வெப்பமானி, ஊனுண்ணி, தாவரவுண்ணி என எதனை எடுத்தாலும் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும். பள்ளித் தேர்விலே விடை எழுதிய பிள்ளையிடம், எழுதியதன் பொருளைத் தன் சொல்லில் சொல்லக் கேட்டால் வாயடைத்து நிற்பதைத் தமிழகத்தின் ஆங்கிலவழி வகுப்புகளில் பரக்கக் காணலாம். தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வழி என்பது மெய்ப்பிக்க வேண்டாத அளவிற்குத் தெளிவான ஒன்று என்று யுனெசுகோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இயன்ற அளவிற்குப் பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. 'இயன்ற அளவிற்கு' என்னும் அச்சொற்றொடர்தான் எத்துணை அகலமான சந்து!

அப்படியாயின் ஆங்கிலம் வேண்டாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய வினாவே. ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலத்தால் கற்பது வேறு. ஒரு மொழியை அம்மொழியறிந்த நல்லாசிரியரிடம் ஒரு பாடமாக நாள்தோறும் ஒரு மணி நேரம் ஊன்றிப் பயின்றால் அது வரும். கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மொழியும் வாராது, அப்பாடங்களும் வாரா. மேலும், ஆங்கிலவழி என்று பலகை மாட்டிய பள்ளியின் ஆசிரியர் ஆங்கிலத்தில் தங்குதடையின்றிப் பேச வல்லவர்தாமா? பல இடங்களில் பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் விடை எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்வதே நடைமுறை. விளக்கம் தமிழிலென்றால், அத்தமிழுக்கு ஏன் இத்தனை ஆயிரம்?

இதன் கொடிய விளைவு வீட்டில் நிகழ்கிறது. எட்டாம் வகுப்பு வரை படித்த தாய், தன் பிள்ளையின் மூன்றாம் வகுப்புக் கணக்கைத் தமிழில் எளிதாகச் சொல்லித் தருவாள். ஆங்கிலவழி வந்தவுடன் அவள் வாயடைக்கப்படுகிறாள். பிள்ளையின் கண்முன்னே தாய் ஒன்றும் அறியாதவளாகிறாள். பள்ளிக் கட்டணத்தோடு மாலைத் தனிப்பயிற்சிக்கும் கட்டணம் கட்டிவிட்டு, அவள் வாயிற்படியில் காத்திருக்கிறாள். கல்வியின் முதல் ஆசானை வீட்டிலிருந்து நீக்கும் பள்ளி அதற்கு ஈடாக என்ன தருகிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தனரா?

தமிழில் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. இடைவேளையில் தமிழில் கூவிய பிள்ளையின் கழுத்தில் அட்டை மாட்டுவதும், காசு வாங்குவதும் ஒழுங்கு என்று பெற்றோர்க்கே எடுத்துரைக்கப்படுகின்றன. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் ஒறுப்பையும் உள்ளத்தை வருத்தும் கொடுமையையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. தாயின் மொழியைப் பேசியதற்காகப் பிள்ளையை நாணச் செய்வது உள்ளக் கொடுமை இல்லையெனில் வேறு எதுதான் உள்ளக் கொடுமை?

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஒரு நாளே போதும். 2004 சூலை 16. குடந்தையில் நண்பகல் உணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றிற்று. 94 பிள்ளைகள் வெந்து மாண்டனர். ஒரே கட்டடத்தினுள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. வழக்கில் கல்வித்துறை அலுவலர்களும் குற்றஞ்சாட்டப்பட்டோர் வரிசையில் நின்றனர். ஆகவே அலுவலர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டார் என்பதனால் பெற்றோரின் கண்கள் ஓய்வு கொள்ளலாகாது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீத்தடுப்புச் சான்று, நலவழிச் சான்று ஆகிய நான்கும் நாள்கடவாமல் இருக்கின்றனவா என்று கேட்பதோடு, மாடிக்கு எத்தனை படிக்கட்டுகள், அவற்றின் கதவு பள்ளி நேரத்தில் பூட்டப்படுகிறதா என்று தாமே ஏறிப் பார்த்தல் வேண்டும். ஊர்தியும் அவ்வாறே. 2012 சூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் அடித்தளத்து ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்த பின்னரே பள்ளி ஊர்திகளுக்குத் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் உயிர் கிடக்கிறது.

கட்டணத்தில் ஒளிவு மறைவுக்குச் சட்டப்படி இடமில்லை. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தின்கீழ், ஓய்வு பெற்ற உயர் முறைமன்ற நடுவர் தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணத்தை வரையறுக்கிறது. அதற்கு மேல் வாங்குவது குற்றம். நன்கொடை என்னும் பெயரில் சேர்க்கைக்குத் தலைவரி வாங்கினால், வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை தண்டம் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். மூன்றரை அகவைக் குழந்தையை நேர்காணலில் உட்கார வைப்பதும், பெற்றோரின் பட்டங்களை வினவித் தரம் பிரிப்பதும் அதே சட்டத்தால் தடுக்கப்பட்டவை. முதன்முறைக்கு 25,000 உரூபா வரை தண்டம். பற்றுச்சீட்டு இல்லாத காசு கைமாறும் இடத்தில் கல்வி இல்லை என்று பெற்றோர் உறுதியாகக் கொள்ளலாம்.

நலிந்த பிரிவுப் பிள்ளைகட்குத் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடம் உண்டு. அவர்க்குரிய கட்டணத்தை அரசு செலுத்தும். ஏழைப் பெற்றோர் இதனைப் பெரும்பேறாக எண்ணுகின்றனர். 2025-26 கல்வியாண்டில் நடுவண் அரசு நிதி விடுவிக்காமையால், பள்ளிகள் திறந்து திங்கள் பல கழிந்து அக்டோபரில்தான் அச்சேர்க்கை தொடங்கிற்று. தில்லியின் கையிருப்பைப் பார்த்துத் தமிழகத்துப் பிள்ளை பள்ளி வாயிலில் நிற்க நேர்ந்தது. அதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: மக்களின் வரிப்பணம், அரசுப் பள்ளியின் ஓட்டையை அடைப்பதற்கு மாறாக ஆங்கிலவழித் தாளாளரின் பெட்டிக்குப் போவது எவ்வகை அறம்? அரசும் இதில் தூயதன்று. 2012-13 முதல் தன் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்து, தனியாரோடு போட்டியிடுவதாகக் கூறிக்கொண்டு தனியாரின் கொள்கையையே தன் சுவரில் எழுதிக்கொண்டது.

நடுநிலை வகுப்புகளைப் பற்றிப் பெற்றோர் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு வெறும் அடுத்த வகுப்பு அன்று. அது வழி பிரியும் இடம். 2020இல் தமிழக அரசு இயற்றிய சட்டப்படி மருத்துவப் படிப்பிலும், 2021இல் இயற்றியதன்படி பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளிலும், அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காட்டு இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. அதற்குத் தகுதி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல். மேற்சொன்ன 25 விழுக்காட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தோர்க்கும் அதில் இடமுண்டு. மற்றையோர், எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் கிடக்கட்டும், பின்னர் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால் அக்கணக்கு பிழைத்துவிடும்.

தமிழ்வழிக்கோ கதவு இன்னும் முன்னரே அடைபடுகிறது. அரசுப் பணி அமர்த்தங்களில் தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்து இவ்விடங்களைப் பெற்றோர் இருந்தமையால், 2020இல் அது திருத்தப்பட்டது. அப்பணிக்குரிய கல்வித் தகுதி வரைக்குமான பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. வேலைக்காகவே ஆங்கிலவழி என்று சொல்லி மூன்றரை அகவையில் பிள்ளையைச் சேர்க்கும் தந்தை, நூற்றுக்கு இருபது அரசுப் பணிகளின் கதவைத் தன் கையாலேயே அன்று சாத்துகிறார் என்பதைச் சேர்க்கை அறையில் அவர்க்கு யாரும் சொல்வதில்லை.

தமிழ்வழியிலேயே நடக்கும் தற்சார்புப் பள்ளிகளும் தமிழகத்தில் உண்டு. 1990களில் தமிழுணர்வாளர்கள் அம்பத்தூர், திண்டிவனம் முதலிய ஊர்களில் தாய்த்தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கினர். பெருங்கட்டணம் வாங்குவதில்லை என்னும் உறுதியால் அவை நன்கொடையை நம்பியே மூச்சு விடுகின்றன. மாதக் கடைசியில் ஆசிரியர் சம்பளத்திற்கு அன்பர்களின் வாயிலில் நிற்கின்றன. உணர்வுடைய பெற்றோர் நாட வேண்டியவை இவையே. ஆயினும் மேற்கூறிய வினாக்களிலிருந்து இவற்றிற்கும் விலக்கில்லை. தமிழ்ப்பெயர் தாங்கியதனாலேயே கூரை உறுதியாகிவிடாது. சங்கப்பாடல் சொல்லித் தருவதனாலேயே கணக்கு ஆசிரியர் தேவையற்றுப் போகார். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் வேண்டும்; ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒருவர் என்பதோடு, அறிவியலும் கணக்கும், குமுகவியல், மொழிகள் என்பவற்றிற்குத் தனித்தனி ஒருவரேனும் வேண்டும். கழிப்பிடம் ஆண் பெண் பிள்ளைகட்குத் தனித்தனியாக இருத்தல் வேண்டும். தமிழ்வழிப் பள்ளியிடம் இவற்றைக் கேட்பது அதனை இழிவுபடுத்துவதன்று. குறை இருப்பின் கேட்ட பெற்றோரே பத்துப் பேரைச் சேர்த்து அக்குறையை நீக்க முற்படலாம். ஆங்கிலவழித் தாளாளரிடம் அதற்கு இடமேது?

பிள்ளையை இடையிலே மாற்ற விரும்பும் பெற்றோர் பலர் கட்டண நிலுவைக்கு அஞ்சியே அங்கேயே கிடக்கின்றனர். அந்த அச்சம் வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாழ்ந்தது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுத்தல் கூடாது. அச்சான்றிதழைக் கட்டணம் தண்டும் கருவியாக்கலாகாது என்று 2024 சூலையில் சென்னை உயர் முறைமன்றமும் கூறிற்று. சான்றிதழ் கைக்கு வந்தவுடன், பயிற்றுமொழி என்னும் இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பள்ளி அலுவலகத்திலேயே நின்று படித்துப் பார்த்தல் வேண்டும். தமிழ்வழியில் பயின்ற பிள்ளையாயின் அதற்குரிய தனிச்சான்றையும் அன்றே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளல் நன்று. தனியார் பள்ளிகள் மூடப்படுவதும் கைமாறுவதும் பெயர் மாறுவதும் உண்டு. பதினைந்து ஆண்டு கழித்துப் பணித்தேர்வின்போது அத்தாள் தேவைப்படுகையில், கையெழுத்திட அங்கே ஒருவர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.